மணலில் ஓட்டுவதற்கு முன் பிரேக்கை மறக்க வேண்டும்

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உரிமம் எடுத்து எட்டு வருடமாகிறதாம். ஓட்டியதெல்லாம் சிங்கப்பூரின் டிபிஇ, பிஐஇ விரைவுச்சாலைகள், வருடத்துக்கு ஒருமுறை மலாக்கா. வரும் ஜூன் விடுமுறையில் இரண்டு குடும்பமாக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகிறார்கள். ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து மணல்மேடுகளில் ஓட்டிப் பார்க்க ஆசை. பிடித்துப்போனால் டிசம்பரில் அதே நாட்டின் சிம்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமாம். மணலில் எப்படி ஓட்டுவது, சிக்கினால் என்ன செய்வது, எந்த வண்டி நல்லது என்று கேட்கிறார்.

நான் அபுதாபியின் மேற்குப் பகுதியில், லீவா பக்கம், ஓர் எண்ணெய் வயலில் ஏழு வருடம் கருவிப் பராமரிப்பு வேலை பார்த்தவன். முகாமுக்கும் கிணறுகளுக்கும் இடையே இருந்ததெல்லாம் மணல்தான். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு இரண்டு முறை ஆஸ்திரேலியா போய் ஓட்டினேன், அதில் ஒன்று சிம்சன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, டிசம்பரை முதலில் அடித்துவிடுங்கள். சிம்சன் பாலைவனப் பூங்காவை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள். அங்கே அப்போது கோடை. வெயில் 45 டிகிரியைத் தாண்டும், வண்டி நின்றுவிட்டால் மனிதர் செத்துப்போகும் வெயில். நம் ஊர் வருடக் கடைசி விடுமுறைதான் நீளம் என்பதால் எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள். சிம்சனுக்கு நம் நாட்காட்டியில் பொருந்துவது ஜூன் மட்டும். செப்டம்பரில் கிடைக்கும் ஒரு வாரம் போகவர மட்டுமே சரியாக இருக்கும்.

இந்த ஜூனில் பெர்த்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 125 கிலோமீட்டரில் லான்சலின் இருக்கிறது. ஊருக்கு வெளியே வாகனங்கள் ஓட்டவென்றே விட்டிருக்கும் வெள்ளை மணல்மேடுகள். உண்மையைச் சொன்னால் அது பாலைவனமே இல்லை, கடற்கரை மணல். ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சிக்கினால் பக்கத்தில் ஆள் இருப்பார்கள், ஊரில் சாப்பாடு கிடைக்கும். இன்னும் வடக்கே, செர்வான்டிஸ் ஊருக்குப் பக்கத்தில் நம்பங் தேசியப் பூங்காவில் பினாக்கிள்ஸ் என்று சுண்ணாம்புக்கல் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும். அதைப் பாலைவனம் என்றுதான் அழைப்பார்கள். அங்குள்ள பாதை சாதாரண காரே போகக்கூடியது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். மணலோட்டம் பழக அது உதவாது.

வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதில்தான் காசு போகும். வண்டி ஃபோர்-வீல் என்பதாலேயே அதை மணலில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. பல ஒப்பந்தங்களில் மணல்மேடு, கடற்கரை, ஆற்றைக் கடப்பது என்று பட்டியல் போட்டு, அங்கெல்லாம் காப்புறுதி செல்லாது என்று எழுதியிருக்கும். நான் முதல்முறை போனபோது படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் ஒரு பையன் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சேஸிஸின் மடிப்புக்குள் ஒரு கைப்பிடி வெள்ளை மணல். அந்த ஒரு பிடி மணலுக்கு நான் கட்டிய தொகையில் இங்கே தேக்காவில் ஒரு மாதம் சாப்பிட்டிருக்கலாம். மணலுக்கு அனுமதி தரும் வாடகைக்காரர்களும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். அதைவிட நல்ல வழி, முதல் நாள் பயிற்சியாளரோடு அவருடைய வண்டியிலேயே அரை நாள் ஓட்டிப் பழகுவது.

சரி, மணலுக்கு வருவோம்.

என் அப்பாவின் ஊர் திசையன்விளைப் பக்கம். அங்கே தேரிக்காடு என்று செம்மணல் மேடுகள் உண்டு. சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போது நாங்கள் குதிகாலை ஊன்றி ஓடுவோம், கணுக்கால் வரை புதையும், பத்தடியில் மூச்சு வாங்கும். பாட்டியோ தலையில் விறகுக்கட்டோடு பாதம் முழுவதையும் தட்டையாகப் பதித்து, அவசரப்படாமல், நிற்காமல் மேட்டில் ஏறிப் போய்விடுவார். மணலில் வண்டி ஓட்டும் வித்தை மொத்தமும் பாட்டியின் அந்த நடையில் இருக்கிறது. தட்டையான பாதம், ஒரே வேகம், நடுவில் நிற்காமை.

தட்டையான பாதம் என்பது டயரின் காற்று. புதிதாக வருகிறவர்கள் என்ஜின் சக்தியைப் பற்றித்தான் கேட்பார்கள். மணலில் முதல் கேள்வி டயரில் எவ்வளவு காற்று என்பது. நம் ஊர் பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் இயந்திரத்தில் 230, 240 என்று அழுத்தியிருப்பீர்கள், அது கிலோபாஸ்கல். மணல்காரர்கள் பேசுவது பிஎஸ்ஐ கணக்கில். 240 கிலோபாஸ்கல் என்பது சுமார் 35 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் டயர் கல்லு மாதிரி இருக்கும், மணலைக் கத்தி போல வெட்டிக்கொண்டு கீழே போகும். அதை 18 பிஎஸ்ஐ, அதாவது 125 கிலோபாஸ்கல் அளவுக்கு இறக்கினால் டயர் தளர்ந்து தரையோடு ஒட்டும். அப்போது டயர் பக்கவாட்டில் அகலமாவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் கூடுவது கொஞ்சம்தான், நீளம்தான் கூடுகிறது. தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னும் நீண்டு, டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி ஆகிவிடும். எடை பரவுகிறது, வண்டி மணலின் மேலேயே நிற்கிறது.

லான்சலினில் 18-இல் தொடங்குங்கள். திணறினால் 15. சிக்கிக்கொண்டால் மட்டும் 12 வரை போகலாம், வெளியே வந்ததும் ஏற்றிவிட வேண்டும். அதற்கும் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் ஆபத்து. காற்று குறைந்த டயரோடு சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் அதே கதிதான். வேகமும் 40-க்குள் இருக்கட்டும். இன்னொன்று, பெர்த்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த டயர் சூடாக இருக்கும், அளவுமானி நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஒரு டீ குடித்துவிட்டு அளந்தால் சரியான கணக்கு வரும். வால்வு மூடிகளைக் கழற்றியதும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பம்பர் மேல் வைத்தால் மறந்துவிடுவீர்கள், நான் எத்தனையோ தொலைத்திருக்கிறேன்.

காற்றை இறக்கியாகிவிட்டது. இனி வண்டிக்குள் செய்ய வேண்டியது. பார்ட்-டைம் ஃபோர்-வீல், அதாவது நாம் மாற்றினால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் மணலைத் தொடும் முன்பே நான்கு சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். சிக்கிய பிறகு மாற்றுவது நனைந்த பிறகு குடை பிடிப்பது. சமமான மணலுக்கு ஹை ரேஞ்ச் என்ற சாதாரண கியர் அமைப்பு போதும், மேடு ஏற லோ ரேஞ்ச் என்ற மெதுவான, இழுவை கூடிய அமைப்பில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். ஆட்டோ கியர் வண்டியானால் மேன்யுவல் முறைக்கு மாற்றிக் கியரைப் பிடித்து வையுங்கள். விட்டுவிட்டால் ஏற்றத்தின் பாதியில் தானாக மேல் கியருக்குத் தாவும், வண்டி சோர்ந்து நின்றுவிடும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். தார்ச்சாலையில் உயிரைக் காக்கும் சாதனம் அது. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலே ஆபத்து என்று நினைத்து என்ஜின் சக்தியை வெட்டிவிடும், அதுவும் நமக்கு அது மிகவும் தேவைப்படும் நொடியில். பல வண்டிகளில் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும். கட்டைவிரல்களை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைத்துப் பிடிக்காதீர்கள். சக்கரம் பள்ளத்தில் மோதி ஸ்டீயரிங் உதறினால் விரல் போய்விடும்.

இனிதான் சிங்கப்பூர்க்காரருக்குச் சிரமமான பாடம். நாம் ஓட்டிப் பழகியது வேகக் கேமராவும் விளக்கும் நிறைந்த சாலையில். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலே கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அது நல்ல பழக்கம், இங்கே. மணலில் பிரேக்கை மிதித்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன மணல்கரை குவியும். அப்புறம் கிளம்பும்போது நான்கு சக்கரமும் அந்த நான்கு கரையையும் ஏற வேண்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், மணலே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். நிறுத்தும் இடமும் இறக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தினாலும் பரவாயில்லை, ஏற்றத்தைப் பார்த்து மட்டும் நிறுத்தாதீர்கள்.

இதை நான் கற்ற விதம் இது. அபுதாபிக்குப் போன முதல் மாதம். பக்கத்து இருக்கையில் கூட வேலை பார்த்த ஓமானியர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒரு மேட்டில் நன்றாகவே ஏறிவிட்டேன். உச்சிக்கு வந்ததும் மூக்குக்கு முன்னால் வானம் மட்டும்தான் தெரிந்தது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் வயிறு மேட்டின் முதுகில் உட்கார்ந்துவிட்டது. ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளையின் கால்கள் போல நான்கு சக்கரமும் சும்மா சுற்றின. நான் இன்னும் அழுத்தினேன். அவர் என் முழங்கால் மேல் கையை வைத்தார். “ஷுவை, ஷுவை” என்றார். மெதுவாக, மெதுவாக. வளைகுடாவில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அவர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திட்டவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சாவியின் முனையை வால்வில் வைத்து அழுத்தினார். உஸ்ஸென்று காற்று போகும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே உதட்டுக்குள் எண்ணினார். இருபது எண்ணியதும் எடுத்தார். டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார், தர்பூசணி வாங்குகிறவர் தட்டுவது போல. நான்கு சக்கரத்துக்கும் அதே இருபது. அப்புறம் மண்வெட்டியை எடுத்து, நான் நினைத்தபடி சக்கரத்தின் முன்னால் தோண்டாமல், முதலில் வயிற்றுக்கு அடியில் தோண்டத் தொடங்கினார். வண்டியின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கிருந்துதானே அதை விடுவிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் இருவரும் மாறி மாறித் தோண்டினோம். பின்கியர் போட்டு, ஏறி வந்த தடத்திலேயே, ஒரு உறுமலும் இல்லாமல் வண்டி இறங்கிவிட்டது.

மேட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்று வரும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும், பெரும்பாலும் அலைஅலையாகக் கோடு தெரியும். மறுபக்கம் காற்று கொண்டுபோய்க் கொட்டிய மணல், தளதளவென்று பொலபொலத்துக் கிடக்கும். உலர்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய சரிவு 32 முதல் 34 டிகிரி வரைதான், அந்தப் பக்கம் எப்போதும் அந்த விளிம்பிலேயே இருக்கும். ஆகவே இறுகிய பக்கத்தில் ஏறி, பொலபொலத்த பக்கத்தில் இறங்குவதுதான் இயல்பான திசை. வேகம் எடுப்பது அடிவாரத்தில். ஏற ஏறக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, உச்சியை மனிதர் நடக்கும் வேகத்தில் தாண்ட வேண்டும். பறந்து தாண்டுவது விளம்பரத்தில் அழகாக இருக்கும், அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நின்றால் தெரியாது. லான்சலினில் மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் மேட்டுக்கு மேட்டு தாவிக்கொண்டிருப்பார்கள். அதற்காகத்தான் வண்டியின் முன்னால் நீளக் கம்பியில் கொடி கட்டச் சொல்கிறார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வண்டிக்கு முன்பே கொடி தெரியும்.

பாதியில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப நினைக்கவே கூடாது. மணல்மேட்டில் வண்டி உருளுவது பெரும்பாலும் இப்படித்தான், சரிவில் குறுக்கே திரும்பும்போது. பின்கியர் போடுங்கள், சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டு வந்த தடத்திலேயே என்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். மறுபடி முயலுங்கள். மூன்றாவது முறை பெரும்பாலும் ஏறிவிடும், ஏனென்றால் உங்கள் சக்கரமே தடத்தை இறுக்கியிருக்கும்.

இறங்கும்போதும் நேர்கோடுதான். வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக நழுவத் தொடங்கினால் மனம் மேட்டுப் பக்கமாகத் திருப்பச் சொல்லும், கால் பிரேக்கை மிதிக்கச் சொல்லும். இரண்டையும் கேட்காதீர்கள். மூக்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொடுங்கள். வண்டி நேராகிவிடும். இதை வார்த்தையில் படித்தால் நம்பிக்கை வராது, பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தடி மேட்டில் வேண்டுமென்றே ஒருமுறை செய்து பாருங்கள்.

மேட்டின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர், நம் நாட்டின் இமயமலை. லீவா பக்கத்து தல் மொரீப் மணல்மேட்டை ஏறக்குறைய 300 மீட்டர் என்பார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வண்டியை விட்டு இறங்கவே தோன்றவில்லை. ஏறவும் இல்லை.

எப்போது ஓட்டுவது என்பதும் முக்கியம். அதிகாலையில் இரவுக் குளிரும் பனியும் மணலை இறுக்கி வைத்திருக்கும். வெயில் ஏறியதும் அதே தடம் மாவாகிவிடும். அதைவிட முக்கியம் வெளிச்சம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் உண்டு, உச்சி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் கிடையாது, எல்லாம் ஒரே வெள்ளைத் துணி விரித்தது போல இருக்கும். பத்தடிப் பள்ளம் சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். பதினொன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட்டுத் தூங்குங்கள்.

சிக்கிக்கொண்டால், சிக்குவீர்கள், முதல் விதி காலை எடுப்பது. வண்டி முன்னே போகவில்லை என்று தெரிந்த நொடியிலேயே. இன்னும் ஐந்து விநாடி அழுத்தினால் ஐந்து அங்குலம் தோண்டிவிடும். இறங்குங்கள், பாருங்கள். பெரும்பாலும் காற்றை இன்னும் மூன்று பிஎஸ்ஐ இறக்கி, சக்கரத்தின் வழியிலுள்ள மணலைச் சரிவாகத் தள்ளிவிட்டு, வந்த தடத்தில் பின்னால் எடுத்தாலே வந்துவிடும். வரவில்லையென்றால் மணற்பலகை. ஆஸ்திரேலியாவில் இதை மேக்ஸ்டிராக்ஸ் என்றே சொல்வார்கள், பல் வைத்த பிளாஸ்டிக் பலகை. சக்கரத்தை ஒட்டி நுழைத்து, மிக மெதுவாக ஏற வேண்டும். சக்கரத்தைச் சுழற்றினால் பற்கள் உருகிப் போகும், அப்புறம் அது வெறும் தட்டு.

கடைசி வழி இன்னொரு வண்டியை வைத்து இழுப்பது. இதில்தான் உயிர் போகிறது. ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்பது ரப்பர் போல நீளும் பட்டை, அந்த நீட்சியின் விசையில்தான் வண்டி வெளியே வரும். அதை வண்டியின் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அந்த உருண்டை இப்படி இழுப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறந்து வரும், ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்று பலம் குறித்த கொக்கி இடங்கள் வண்டியில் இருக்கும், வாடகைக்கு எடுக்கும்போதே எங்கே என்று கேட்டு வையுங்கள். பட்டையின் நடுவில் ஈரத்துண்டோ கனமான பையோ போடுங்கள். ஓட்டும் இருவரைத் தவிர மற்றவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளும் கைபேசியில் படம் பிடிக்கும் மச்சானும், பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளிப் பக்கவாட்டில் நிற்கட்டும்.

மணலைவிட மோசமானது ஒன்று உண்டு. வளைகுடாவில் சப்கா என்பார்கள், உப்புப் படிந்த சமவெளி. பார்த்தால் காங்கிரீட் மாதிரி இருக்கும். மேல்தோல் உடைந்தால் கீழே களிமண் சேறு. ஒருமுறை குறுக்குவழி என்று நானே இறங்கி, கதவின் அடிவரை புதைந்து, இரண்டாவது வண்டியும் எங்களை இழுக்க வந்து புதைந்து, மறுநாள் காலையில்தான் வெளியே வந்தோம். சிம்சனிலும் மேடுகளுக்கு நடுவே உப்பு ஏரிகள் வரும். பழைய தடத்தை விட்டு ஒரு அடி கூட விலக வேண்டாம்.

இனி சிம்சன். அடுத்த வருட ஜூனுக்குத் திட்டமிடுவதாக இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். சிங்கப்பூரைப் போல 200 மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. ஏறக்குறைய 1,100 மணல்மேடுகள், வயலில் உழுத சால் போல ஒன்றுக்கொன்று இணையாக வடக்கு வடமேற்காக ஓடும். நீங்கள் அவற்றைக் குறுக்கே ஏறி இறங்கிக்கொண்டே போக வேண்டும், ஒன்று முடிந்தால் அடுத்தது. மேடுகளின் கிழக்கு முகம் செங்குத்து, மேற்கு முகம் சாய்வு. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே, மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் நோக்கிப் போவது எளிது. கடைசியில் பேர்ட்ஸ்வில்லுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் முன்னால் பிக் ரெட் என்ற மேடு வரும், 40 மீட்டர் உயரம், செந்நிறம். எங்கள் தேரி மண்ணின் அதே நிறம். நான் இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன்.

அந்த மணலில் வாங்கங்குரு பழங்குடி மக்கள் தாங்கள் தோண்டிய கிணறுகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள், வண்டியெல்லாம் பிறகு வந்த கதை. 1936-இல் டெட் கோல்சன் என்பவர் ஒட்டகங்களோடு கடந்தார், கூட வந்தவர் பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடியினர். முதன்முதலில் மோட்டார் வண்டியில் கடந்தவர் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர், 1962-இல், நிசான் பேட்ரோலில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு. உங்கள் மனைவி மறுத்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், நான் சொன்னது பலிக்கவில்லை. அடுத்த வருடம் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனத்துக்காக வெட்டிய பாதைதான் இன்றும் பிரெஞ்ச் லைன் என்ற பெயரில் எல்லாரும் ஓட்டும் வழி.

ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. மணலில் வண்டி சாலையில் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு குடிக்கும், சில நேரம் அதற்கும் மேலே. உட்லண்ட்ஸில் கடற்பாலத்தைத் தாண்ட முக்கால் தொட்டி வேண்டும் என்ற விதியை நொந்துகொள்கிறோமே, அங்கே முழுத்தொட்டியோடு கூடுதல் கேன்களும் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டராவது, கடக்கும் நாட்களுக்கு மேல் இன்னும் சில நாளைக்குச் சேர்த்து. கைபேசி எடுக்காது, செயற்கைக்கோள் தொலைபேசியும் அவசர சமிக்ஞைக் கருவியும் வேண்டும். யுஎச்எஃப் என்ற இருவழி வானொலியில் 10-ஆம் சேனலை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கு நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அடிக்கடி சொல்லுங்கள். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு அனுமதிச் சீட்டும், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடியும் கட்டாயம். ஸ்பினிஃபெக்ஸ் என்ற முட்புல் வண்டிக்கு அடியில் சேர்ந்து, புகைக்குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடுங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடுகிறவர்களுக்கு வானத்திலிருந்து வண்டி தெரியும், மனிதர் தெரியமாட்டார். ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள், இரண்டு குடும்பம் என்றால் இரண்டு வண்டி.

எந்த வண்டி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் புளோக் கார்நிறுத்துமிடத்தில் எஸ்யுவி என்று நிற்பவற்றில் முக்கால்வாசிக்கு லோ ரேஞ்ச் கிடையாது, அவை மழைக்காலச் சாலைக்கான வண்டிகள். லோ ரேஞ்ச் உள்ள டீசல் பிராடோ, ஹைலக்ஸ், பேட்ரோல், லேண்ட் குரூசர், எதுவானாலும் சரி. லான்சலினுக்கு எடை குறைந்த ஹைலக்ஸே எனக்குப் பிடிக்கும். கனமான பெரிய வண்டி ஓட்டச் சுகம், தோண்டும்போது தெரியும்.

மணலை விட்டுத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். 18 பிஎஸ்ஐயில் நூறு கிலோமீட்டர் வேகம் போனால் டயர் கொதித்து வெடிக்கும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரெசர் என்றால் நான்கு டயருக்கும் அரை மணி நேரம் ஆகலாம், நேரடியாக பேட்டரியில் மாட்டுவதை வாங்குங்கள். பிள்ளைகள் பசியில் கத்துவார்கள், மனைவி மணியைப் பார்ப்பார், பரவாயில்லை. நான்கு சக்கர ஓட்டத்தைத் திரும்ப இரண்டு சக்கரமாக்கவும், அணைத்து வைத்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைப் போடவும் மறக்காதீர்கள். வால்வு மூடிகள் சட்டைப்பையில் இருக்கின்றன.